ஈறு ஏன் இறங்குகிறது, எப்படிக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறு இறங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், அன்றிரவிலிருந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பது. இன்னும் சிலர், ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தில் பிரஷ்ஷையே வைக்காமல் விட்டுவிடுவார்கள். ஈறு இறங்குவதற்கான இரண்டு பெரிய வழிகளும் இவைதான். எனவே எந்த வழியில் இறங்கியது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. கீழே உள்ள கேள்விகள் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை.

ஈறு இறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பல்லின் வெளியே தெரியும் பகுதிக்கு எனாமல் என்ற கடினமான உறை உண்டு. வேருக்கு அது கிடையாது. சிமென்டம் என்ற மெல்லிய பூச்சு மட்டும்தான். எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடம் பல்லின் கழுத்து. நலமான வாயில் ஈறின் விளிம்பு இந்தக் கழுத்தை மூடி, எனாமலின் மேல் சற்று ஏறி நிற்கும். விளிம்பு வேர்ப்பக்கம் விலகி வேர் வெளியே தெரிந்தால் அதுவே ஈறு இறக்கம்.

ஈறு தானாக விலகுவதில்லை. அதற்கு அடியில் பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு அந்த இடத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும், அல்லது பிறவியிலேயே மிக மெல்லியதாக இருந்திருக்கும். முன்பற்களின் உதட்டுப் பக்கத்து எலும்பு பலருக்குக் காகிதம்போல இருக்கும். எலும்பின் தாங்கல் இல்லாத ஈறு சின்னத் தொந்தரவுக்கும் பின்வாங்கிவிடும்.

எனக்கு இறங்கியிருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டை விரலால் விலக்கிக் கோரைப்பற்களையும் அவற்றை அடுத்த இரண்டு பற்களையும் பாருங்கள். பக்கத்துப் பல்லைவிட ஒரு பல் நீளமாகத் தெரிகிறதா, கழுத்துக்கு அருகே வெள்ளை முடிந்து மஞ்சள் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். அந்த மஞ்சள் பகுதி வேர். நகத்தின் நுனியைப் பல்லின் மேலிருந்து ஈறை நோக்கி மெதுவாக இழுத்தால், சிலருக்குக் கழுத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். பல்லிடுக்குகளில் முன்பு இல்லாத கறுப்பு முக்கோண இடைவெளிகள், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீரென்று வரும் கூச்சம், கீரையும் இறைச்சி நாரும் புதிதாகச் சிக்கிக்கொள்வது ஆகியவையும் அடையாளங்கள்.

கண்ணாடி காட்டாத ஒன்றும் உண்டு. பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாகச் செருகி அளப்பார். கம்பி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை உள்ளே போனால் அது இயல்பு. 4 என்றாலும் அதற்கு மேல் என்றாலும் அது பை, அதாவது ஈறு பல்லை விட்டுப் பிரிந்து உண்டான ஆழமான இடுக்கு. ஈறு 2 மில்லிமீட்டர் விலகி, பையும் 4 மில்லிமீட்டர் இருந்தால், பல் தன் பிடிமானத்தில் 6 மில்லிமீட்டரை இழந்திருக்கிறது என்று பொருள். வீங்கிய ஈறு இந்தக் கணக்கை மறைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஈறு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். உள்ளே எலும்பு போயிருக்கும். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது இந்த எண்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

சரி, ஏன் இறங்குகிறது?

இதற்குப் பதில் சொல்ல மலையகத்துக்குப் போக வேண்டும். ஹரால்ட் லோ என்ற நார்வே ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் பற்களை விட்டுவிட்டுப் பரிசோதித்தார்கள். எல்லோரும் ஆண்கள். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பல் மருத்துவ வசதியும் அவர்களை எட்டவில்லை. ஒப்பீட்டுக்கு நார்வேயில் கல்லூரி மாணவர்களும் கல்வியாளர்களும் அடங்கிய ஒரு குழுவை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சிறுவயது முதலே பல் மருத்துவரின் கண்காணிப்பில் வளர்ந்து, நாள் தவறாமல் துலக்கியவர்கள்.

ஈறு இறக்கத்தைப் பற்றிய கணக்கை இந்தக் குழு 1992-இல் வெளியிட்டது. நார்வேக்காரர்களில் 20 வயதிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு எங்காவது ஓரிடத்தில் ஈறு இறங்கியிருந்தது. 50 வயதை நெருங்கும்போது 90 சதவீதத்துக்கு மேல். தோட்டத் தொழிலாளர்களில் 20 வயதுக்குள் 30 சதவீதத்துக்குச் சற்று மேல். 30 வயதில் 90 சதவீதம். 40 வயதில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும்.

இளம் வயதில் துலக்கியவர்களுக்கே கூடுதலாக இறங்கியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் இறங்கிய இடம் வேறு. நார்வேக்காரர்களுக்குப் பெரும்பாலும் கன்னத்தையும் உதட்டையும் பார்த்த பக்கத்தில், அதாவது பிரஷ் பலமாகப் படும் பக்கத்தில் இறங்கியிருந்தது. தொழிலாளர்களுக்கு வெளிப்பக்கம், நாக்குப் பக்கம், பல்லிடுக்கு என்று சுற்றிலும் இறங்கியிருந்தது. முன்னதில் ஈறு தேய்த்துத் தள்ளப்பட்டது. பின்னதில் அழுக்குப் படலமும், அது கல்போல இறுகிய காரையும் கிளப்பிய அழற்சி எலும்பைக் கரைத்தது. ஈறு எலும்போடு போனது.

அதே தொழிலாளர்களைப் பற்றி 1986-இல் வந்த இன்னொரு கட்டுரையும் முக்கியமானது. யாருமே துலக்கவில்லை, எல்லோருடைய ஈறும் அழன்றிருந்தது. ஆனாலும் 8 சதவீதம் பேருக்குத்தான் பிடிமானம் மிக வேகமாகப் போனது. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகம். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் நகரவே இல்லை. "என் தாத்தா வாழ்நாள் முழுக்கப் பிரஷ்ஷைத் தொட்டதில்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தார்" என்று வாதிடுபவர்களின் தாத்தாக்கள் அந்த 11 சதவீதத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். நீங்கள் எதில் சேர்ந்தவர் என்பது முன்கூட்டித் தெரியாது.

இந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்தான் உலகமெங்கும் ஈறு நோயின் பாடமாக நடத்தப்படுகிறது. அந்தப் பாடத்தின் பலன் அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், பெருமைப்பட அதிகமில்லை.

இந்த இரண்டும் தவிர வேறு காரணங்கள் கிடையாதா?

உண்டு. வரிசையை விட்டு வெளியே துருத்தி நிற்கும் பல்லுக்கு முன்பக்க எலும்பு குறைவு, அதனால் ஈறும் சீக்கிரம் இறங்கும். உதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு இழை சிலருக்கு விளிம்புக்கு மிக அருகில் பொருந்தியிருக்கும். பேசும்போதெல்லாம் அது ஈறை இழுக்கும். சரியாகப் பொருந்தாத பல் செட்டின் கம்பிக் கொக்கி, ஈறுக்குள் ஆழமாக இறங்கிய கேப் விளிம்பு, உதட்டிலும் நாக்கிலும் குத்திய வளையம், பல் குத்தும் ஊக்கு ஆகியவையும் செய்யும். ஊக்கைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் திட்டி எழுதலாம்.

அழுத்தித் தேய்த்தால்தானே சுத்தமாகும்?

ஆகாது. பல்லில் ஒட்டியிருக்கும் படலம் மிருதுவானது. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வழித்துக்கொண்டு வரும். அதை எடுக்கப் பலம் வேண்டாம், பிரஷ் எல்லா இடத்தையும் தொட வேண்டும், அவ்வளவுதான். காரையாக இறுகிவிட்டதை எவ்வளவு அழுத்தினாலும் பிரஷ் எடுக்காது. ஆகவே அழுத்தம் இரண்டுக்கும் பயன்படாமல், ஈறையும் வேரையும் மட்டும் தேய்க்கிறது.

உங்கள் பிரஷ்ஷை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நார்கள் பிரஷ் தலையின் விளிம்பைத் தாண்டி இரண்டு பக்கமும் விரிந்து தெரிகின்றனவா? வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பிரஷ் இப்படி ஆகியிருந்தால் கை கனமான கை. வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்துக் கோரைப்பல்லிலும் அதை அடுத்த பற்களிலும்தான் ஈறு அதிகம் இறங்கியிருக்கும். துலக்கத் தொடங்கும் இடமும் அதுவே. பேஸ்ட்டும் பலமும் முழுதாக இருக்கும்போது அங்கேதான் போய் நிற்கிறோம். தொடங்கும் இடத்தைக் கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்துக்கு மாற்றினாலே பாதித் தொல்லை குறையும்.

அப்படியென்றால் எப்படித் துலக்க வேண்டும்?

பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும். உறையின் மேல் 'சாஃப்ட்' அல்லது 'எக்ஸ்ட்ரா சாஃப்ட்' என்று போட்டிருக்கும். 'ஹார்ட்' பிரஷ் துணி துவைக்கக் கூடப் பரிந்துரைக்கத் தக்கதில்லை. தலை சிறியதாக இருந்தால் கடைசிப் பல்லின் பின்புறம் வரை போகும்.

பிடியை உள்ளங்கையில் இறுக்காமல், பேனா பிடிப்பதுபோல விரல்களால் பிடியுங்கள். இந்த ஒரு மாற்றம் போதும், அழுத்தம் தானாகக் குறைந்துவிடும். நார்களை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பற்களின் அகலத்துக்குள் சின்னச் சின்ன அதிர்வாக அசையுங்கள். பிறகு நார்களை ஈறிலிருந்து பல்லின் கடிக்கும் முனையை நோக்கி உருட்டி எடுங்கள். மேல் பல்லில் மேலிருந்து கீழே, கீழ்ப் பல்லில் கீழிருந்து மேலே. ரம்பம் அறுப்பதுபோன்ற குறுக்குத் தேய்ப்பு வேண்டவே வேண்டாம். ஈறு ஏற்கெனவே இறங்கியிருக்கும் இடத்தில் ஈறின் மேல் நார் படும்படி வைத்து அழுத்தாமல், உருட்டி இறக்குவது மட்டும் போதும்.

இரண்டு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இரவுத் துலக்கல்தான் முக்கியமானது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். நம் வீடுகளில் காலையில் சடங்குபோலத் துலக்கிவிட்டு, இரவில் சாப்பிட்ட வாயோடு படுத்துவிடுகிறோம். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று அடம்பிடிப்பவர்கள் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

எலுமிச்சைச் சாறு, புளிப்பான பழம், குளிர்பானம் எடுத்தவுடன் துலக்காதீர்கள். அமிலம் பல்லின் மேற்பரப்பைச் சற்று இளக்கி வைத்திருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

பல்லிடுக்கைப் பிரஷ் தொடாது. ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்குப் பல்லிடுக்குப் பிரஷ் நல்ல பலன் தரும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம்போல இருக்கும், மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இடைவெளிக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இறுக்கமாகத் திணிக்க வேண்டியிருந்தால் அது பெரிய அளவு. இடைவெளி இல்லாதவர்களுக்கு ஃப்ளாஸ் நூல்.

பற்பொடி, உப்பு, கரி, வேப்பங்குச்சி: எது ஈறுக்கு நல்லது?

செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், மணல், உமிக்கரி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். இவற்றின் துகள்கள் சொரசொரப்பானவை. விரலின் பலமும் சேர்ந்து வேரை அரித்துக் கழுத்தில் பள்ளம் தோண்டும். எனாமல் ஓரளவு தாங்கும், திறந்த வேர் தாங்காது. கடையில் விற்கும் கரி பேஸ்ட்டும் இதே குடும்பம்தான். உறை நவீனமாகிவிட்டதால் கரி மிருதுவாகிவிடாது. பல்லை வெண்மையாக்குவதாகச் சொல்லும் பல பேஸ்ட்டுகளிலும் அரைக்கும் பொருள் அதிகம். ஈறு இறங்கியவர்களுக்கு அவை ஒத்துவராது.

உப்பைத் தேய்க்க வேண்டாம். இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது வேறு விஷயம். புண்பட்ட ஈறுக்கு இதமாக இருக்கும், தீங்கில்லை.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும் படலத்தை எடுக்கும். சிக்கல் பயன்படுத்தும் விதத்தில்: சரியாக மெல்லாத முனையை வைத்துக்கொண்டு குறுக்காக இழுத்தால் ஈறு கிழியும். குச்சியால் பல்லின் உட்பக்கத்தைத் தொடுவதும் கடினம். பழகியவர்கள் நன்றாக மென்று நாராக்கிய பின் மேலும் கீழுமாக இழுக்கட்டும். இரவில் ஃபுளோரைடு பேஸ்ட்டோடு பிரஷ்ஷைப் பயன்படுத்தட்டும்.

துலக்கும்போது ரத்தம் வருகிறது. சில நாள் துலக்காமல் விடலாமா?

விடக்கூடாது. ரத்தம் பெரும்பாலும் அழற்சியின் அடையாளம். அழற்சிக்குக் காரணம் அங்கே தங்கிய படலம். 1965-இல் இதே லோ, நலமான ஈறு கொண்ட 12 பேரைத் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆக, இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மருந்து கையிலேயே இருக்கிறது. மிருதுவான பிரஷ்ஷால், ரத்தம் வரும் இடத்தையே குறிப்பாகக் கவனித்து மெதுவாகத் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

வைட்டமின் சி குறைந்தாலும் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலோருக்கு ரத்தம் வருவது அதனால் இல்லை. காரையை வைத்துக்கொண்டு வைட்டமின் மாத்திரை சப்புவதில் பயனில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள்.

கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், இடைவெளி விழும் என்கிறார்களே?

பல் மருத்துவத்தில் இதைவிட உறுதியாக வேர்பிடித்த நம்பிக்கை வேறில்லை. இது எப்படி உருவாகிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

காரை என்பது உமிழ்நீரில் உள்ள கால்சியம் உப்புகள் படலத்தில் படிந்து இறுகியது. உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடங்களுக்கு அருகே அது அதிகம் சேரும்: கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும். நாக்கால் தடவிப் பாருங்கள். கீழ் முன்பற்களின் பின்னால் சுவர்போல ஒரு தடிப்பு தட்டுப்பட்டால் அது பல் கிடையாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்தக் காரை பல்லிடுக்கை அடைத்து, எலும்பை இழந்த பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும். அதன் மேல் ஈறும் வீங்கிக் கிடக்கும். சுத்தம் செய்ததும் காரை போகிறது. ஒரு சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. அதுவரை மறைந்திருந்த இடைவெளியும் வேரும் ஆட்டமும் தெரிகின்றன. ஏற்கெனவே நடந்த இழப்பு வெளியே வந்ததற்குச் சுத்தம் செய்தவர் மேல் பழி.

முதல் சில நாட்கள் கூச்சம் இருக்கும், அது குறைந்துவிடும். மிதமாக ஆடிய பற்கள் அழற்சி வடிந்தபின் இறுகுவதும் உண்டு. இடைவெளியைப் பார்த்துப் பயந்து அடுத்த ஐந்தாண்டு சுத்தம் செய்யாமலிருந்தால் காரை மறுபடி அடைத்துத் தரும், பல்லைக் கொண்டுபோகும்வரை. சுத்தம் செய்யப்போகும் மருத்துவர் இதையெல்லாம் முன்னரே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதவர்களால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் வாழ்கிறது.

இறங்கிய ஈறு மறுபடி வளருமா?

தானாக வளராது. எண்ணெய் கொப்பளிப்பு, ஈறு மசாஜ், மூலிகைத் தைலம், 'ஈறை வளர்க்கும்' பேஸ்ட் எதுவும் வேரின் மேல் ஈறை ஏற்றிக் கொண்டுவராது. எண்ணெய் கொப்பளிப்பதை விரும்பிச் செய்பவர்கள் செய்துகொள்ளலாம், துலக்குவதற்குப் பதிலாகச் செய்யக்கூடாது. ஆனால் இறங்குவதை நிறுத்த முடியும். பெரும்பாலோருக்கு அது போதும். 1 மில்லிமீட்டர் இறங்கிய ஈறோடு, கூச்சமில்லாமல், அதே இடத்தில் முப்பதாண்டு காலம் நிறுத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வயதானால் எல்லோருக்கும் இறங்கத்தானே செய்யும்?

வயது கூடக் கூட இறங்கியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. அதற்குக் காரணம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேய்ப்பும் அழற்சியும். வயதே ஒரு நோயாக வந்து ஈறை இறக்குவதில்லை. 'வயதாகிவிட்டது, இனி என்ன' என்று அம்மா அப்பாவைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் இருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டு பக்கத் தொடர்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாகப் பரவும், புண் ஆறத் தாமதமாகும், சில நேரம் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும். மறுபுறம், நாள்பட்ட ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையே கடினமாக்குகிறது. ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு பல் சுத்தத்துக்கு இது சின்ன லாபம் அன்று. கால் பாதத்தையும் கண்ணையும் ஆண்டுதோறும் பரிசோதிப்பவர்கள் ஈறையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெற்றிலை போடுகிறேன், புகை பிடிக்கிறேன். ஈறில் ரத்தமே வருவதில்லை. நல்லதுதானே?

ஏமாற்றுகிறது. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, அழற்சி இருந்தும் ரத்தம் வராமல் மறைத்துவிடும். புகைப்பவருக்கு முதல் அடையாளமாகப் பல் ஆட்டமே வந்து நிற்பது இதனால்தான். சிகிச்சைக்குப் பின் ஈறு ஆறுவதும் அவர்களுக்கு மந்தம்.

மெல்லும் புகையிலை வேறு விதம். கீழ்க்கன்னத்தில் ஒரே இடத்தில் ஒதுக்கி வைப்பவர்களுக்கு, வாயின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும்போது அந்த இடத்துப் பற்களில் மட்டும் ஈறு இறங்கியிருக்கும். பக்கத்துக் கன்னத் தோல் வெளுத்துச் சுருங்கியும் இருக்கும். அந்த வெள்ளைத் திட்டு ஈறைவிடப் பெரிய கவலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வாய் திறக்கும் அளவு குறைவது, காரம் பட்டால் எரிவது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் ஈறைப் பற்றிய கேள்வியைப் பிறகு வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிராமப்புறத்துப் பெண்கள் சிலர் மூக்குப்பொடியால் பல் தேய்ப்பார்கள். பல் வலிக்கு என்று தொடங்கி விட முடியாமல் போனது. புகையிலை கலந்த பற்பொடியும் பேஸ்ட்டும் தயாரிப்பதை இந்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. மூக்குப்பொடியைப் பற்பொடியாக்குவதை எந்தச் சட்டமும் தடுக்காது, வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஈறு வீங்குகிறது. சிகிச்சை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஹார்மோன் மாற்றத்தால் சிறிது படலத்துக்கே ஈறு பெரிதாக எதிர்வினை காட்டும். பல் சுத்தம் செய்துகொள்ள நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். குழந்தை பிறந்தபின் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும்.

பல் கூச்சத்துக்கு என்ன செய்வது?

திறந்த வேரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைய உண்டு. அவற்றில் உள்ள திரவம் குளிர், இனிப்பு, காற்று பட்டால் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் போன்ற பொருள் சேர்ந்த கூச்ச நிவாரண பேஸ்ட் உதவும். இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் பயன்படுத்த வேண்டும்; மூன்று நாள் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம். துலக்கி முடித்ததும் சிறிது பேஸ்ட்டை விரலால் அந்த இடத்தில் தடவி விடுவதும் நல்லது. குறையவில்லை என்றால் மருத்துவர் ஃபுளோரைடு பூச்சு பூசுவார், பள்ளம் இருந்தால் பல் நிறத்தில் அடைப்பார்.

கூச்சத்தைவிடப் பெரிய ஆபத்து வேர்ச் சொத்தை. எனாமல் கரைய வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்கு இறங்க வேண்டும்; வேர் 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். அடிக்கடி சர்க்கரை போட்ட டீ குடிப்பவர்களும், மாத்திரைகளால் வாய் உலர்ந்த முதியவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் கட்டாயம்.

மகளுக்குக் கிளிப் போட்டிருக்கிறோம். ஒரு கீழ்ப் பல்லில் ஈறு இறங்குகிறதே?

கிளிப் போட்ட மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பல்லை எலும்பின் எல்லைக்கு வெளியே தள்ளினால் ஈறு விலகும். கம்பியைச் சுற்றி அழுக்கு தங்கினாலும் விலகும். இரண்டில் எது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். மெல்லிய ஈறு உள்ளவர்களுக்குக் கிளிப் போடும் முன்னரே ஈறைத் தடிமனாக்கும் சிகிச்சை தேவைப்படலாம்.

ஈறு ஒட்டு அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை?

எல்லோருக்கும் தேவையில்லை. இறக்கம் தொடர்ந்து கூடுகிறது, கூச்சம் எதற்கும் அடங்கவில்லை, சிரிக்கும்போது தெரிவது மனத்தை உறுத்துகிறது, பல்லைச் சுற்றி உறுதியான ஈறே மிஞ்சவில்லை என்ற நிலைகளில் செய்வார்கள். மேலண்ணத்திலிருந்து மெல்லிய இணைப்புத் திசுவை எடுத்து, வேரின் மேல் வைத்து, அருகிலுள்ள ஈறை இழுத்து மூடித் தைப்பதுதான் பரவலான முறை. மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம். ஒட்டு வைத்த இடத்தைவிடத் திசு எடுத்த அண்ணம்தான் முதல் வாரம் அதிகம் வலிக்கும். தையல் பிரிக்கும்வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது.

எவ்வளவு மூடும் என்பது பல்லிடுக்கைப் பொறுத்தது. பக்கத்துப் பற்களுக்கு இடையே எலும்பும் ஈறும் முழுதாக இருந்தால் வேரை முற்றிலும் மூட நல்ல வாய்ப்பு உண்டு. இடுக்கிலும் எலும்பு போயிருந்தால் ஓரளவுக்கே மூடும். துலக்கி இறங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை நன்றாக அமைவதும், ஈறு நோயால் இறங்கியவர்களுக்கு அவ்வளவாக அமையாததும் இதனால்தான். முன்னவர்கள் துலக்கும் கையை மாற்றாவிட்டால் புது ஈறும் அதே வழியில் போகும்.

செலவு தனியார் மருத்துவமனைகளில் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது; மற்ற ஊர்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அங்கே ஈறு நோய்க்கென்று தனிப் பிரிவு இருக்கும், கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். அவசரமில்லாத சிகிச்சை என்பதால் காத்திருப்பதில் தவறில்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பல் ஆடுவது, இடம் மாறுவது, ஈறில் சீழ் வருவது, இளம் வயதிலேயே பல பற்களில் இறங்குவது ஆகியவற்றுக்கு நாள் பார்க்க வேண்டாம்.

மவுத்வாஷ் போதாதா?

போதாது. ஒட்டிய படலத்தைக் கொப்பளித்து எடுக்க முடியாது. குளோர்ஹெக்சிடின் உள்ள மவுத்வாஷ் கிருமிகளை நன்றாகக் குறைக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின், துலக்க முடியாத நாட்களில் பயனுள்ளது. ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லும் நாக்கும் பழுப்பேறும், சுவை மாறும். டீ, காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். மருத்துவர் சொன்ன நாள் கணக்கோடு பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள்.